விடையும் விடையாளரும்: சென்னை மாகாணத் தேர்வுமுறை வரலாறும் ஆக்கச் செயற்கை நுண்ணறிவுக் கால மதிப்பீடும்

ஆய்வுச் சுருக்கம்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகத் தோன்றியது. விடைத்தாளை அதனை எழுதியவரிடமிருந்து பிரித்து மதிப்பிடும் முறை அதனுடன் இங்கு நிலைபெற்றது. அப்பிரிப்பு நடுநிலைக்குத் துணைநின்றது. விடைக்குரியவர் யார் என்னும் வினாவையும் தேர்வறைக் கண்காணிப்பாளரின் பொறுப்பில் விட்டுவிட்டது. ஆக்கச் செயற்கை நுண்ணறிவு இன்று எழுப்பும் மதிப்பீட்டுச் சிக்கலை அப்பிரிப்பின் வரலாற்றில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. அவையரங்கேற்றம், நன்னூல் கூறும் கற்றல் முறை ஆகியவற்றிலிருந்து இன்றைய மறுவடிவமைப்பிற்குக் கொள்ளத்தக்கன, தள்ளத்தக்கன எவை என்பதையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: சென்னைப் பல்கலைக்கழகம், தேர்வுமுறை, அகமதிப்பீடு, அரங்கேற்றம், வாய்மொழித் தேர்வு, ஆக்கச் செயற்கை நுண்ணறிவு

முன்னுரை

ஓபன்ஏஐ நிறுவனம் 2022 நவம்பர் 30ஆம் நாள் சாட்ஜிபிடியைப் பொதுப் பயன்பாட்டிற்கு வெளியிட்டது. அதன்பின் உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் எழுந்த முதல் வினா, மாணவர் ஒப்படைக்கும் கட்டுரை அவர் எழுதியதுதானா என்பதாகும். இவ்வினா புதியது போலத் தோன்றினும் அதன் வேர் பழையது. தமிழகத்து உயர்கல்வியில் விடை ஒரு புறமும் விடையாளர் மறுபுறமுமாகப் பிரிக்கப்பட்டு ஒன்றரை நூற்றாண்டிற்கு மேலாகிறது. அப்பிரிப்பு ஏன் நிகழ்ந்தது, அதனால் யார் பயனடைந்தனர், எது இழக்கப்பட்டது என்பவற்றை அறியாமல் இன்றைய மதிப்பீட்டு முறையை மாற்றியமைக்க முனைவது பழைய குறைகளுக்கே மீண்டும் இடமளிப்பதாக முடியும்.

தேர்வு நடத்தும் பல்கலைக்கழகம்

சார்லஸ் உட் 1854இல் அனுப்பிய கல்விக் குறிப்பாணை கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் அமைய வழிவகுத்தது. அவற்றிற்கு முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது, ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே வாழ்ந்து பயிலும் ஆக்ஸ்ஃபோர்டோ கேம்பிரிட்ஜோ அன்று. 1836இல் அரசு ஆணையால் உருவான இலண்டன் பல்கலைக்கழகமே முன்மாதிரியாயிற்று. கல்லூரிகள் கற்பிக்கும், பல்கலைக்கழகம் பாடத்திட்டம் வகுத்து, வினாத்தாள் அமைத்து, விடைத்தாள் திருத்திப் பட்டம் வழங்கும். 1857 செப்டம்பர் 5ஆம் நாள் சட்டவடிவம் பெற்ற சென்னைப் பல்கலைக்கழகம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஏறத்தாழ இந்த ஒரு பணியையே செய்துவந்தது.

செலவு குறைவு என்பது இம்முறையின் முதல் கவர்ச்சி. பரந்து கிடந்த மாகாணத்தின் கல்லூரிகள் அனைத்தையும் ஒரே அளவுகோலால் அளக்க இயன்றது அடுத்தது. மூன்றாவதாக, அரசுப் பணிக்கு ஆள் தேர்ந்தெடுக்க ஒரு பொதுச் சான்று தேவைப்பட்டது. பிரித்தானியாவில் நார்த்கோட்டும் டிரெவெல்யனும் அளித்த அறிக்கை பரிந்துரையால் பதவி பெறும் வழக்கத்தைச் சாடியதும், இந்தியக் குடிமைப் பணிக்குப் போட்டித் தேர்வு நடைமுறைக்கு வந்ததும் இதே 1854, 1855ஆம் ஆண்டுகளில்தாம். பெயரை மறைத்து எழுத்தை மட்டும் மதிப்பிடும் கருத்துக்கு இன்னும் பழைய முன்னோடி உண்டு. சீனப் பேரரசின் குடிமைத் தேர்வுகளில், சோங் அரச மரபின் காலத்திலேயே, விடைத்தாளில் பெயர் மறைக்கப்பட்டது; கையெழுத்தைக் கொண்டு ஆளை அடையாளம் காணாதவாறு எழுத்தர்கள் விடைகளைப் படியெடுத்துத் தேர்வாளரிடம் அளித்தனர். விடையாளரை விடையிலிருந்து முற்றிலும் அகற்றுவதே நடுநிலை என்னும் எண்ணத்தின் எல்லை அது.

சாதிச் சமூகமொன்றில் இந்த அகற்றலுக்குத் தனிப்பொருள் உண்டு. பெயர், ஊர், தந்தை பெயர், பேச்சு ஆகிய ஒவ்வொன்றும் சாதியைக் காட்டிக்கொடுக்கக்கூடிய இடத்தில், பதிவெண் மட்டுமே தாங்கிய விடைத்தாள் ஒருவகைப் பாதுகாப்பாயிற்று. ஆயினும் இதனை மிகைப்படுத்தலாகாது. தேர்வறையின் வாயில் வரை வந்து சேர்ந்தவருக்கே அப்பாதுகாப்பு கிட்டியது. 1916ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான பிராமணரல்லாதார் அறிக்கை பட்டதாரிகள், அரசு அலுவலர்கள் ஆகியோர் எண்ணிக்கையில் நிலவிய ஏற்றத்தாழ்வைத் தன் வாதத்திற்குச் சான்றாகக் காட்டியது. பெயர் மறைத்துத் திருத்திய தேர்வுமுறை அறுபதாண்டுகள் நடைபெற்ற பின்னர் எழுந்த அறிக்கை அது. திருத்தும் கணத்தில் நடுநிலை காத்த முறை, அக்கணத்திற்கு முன் நடந்தவற்றைத் தொடவே இல்லை.

அவையும் வினாவும்

எழுத்துத் தேர்விற்கு முந்தைய தமிழ்ப் புலமை மரபில் விடையும் விடையாளரும் பிரிக்கப்படவில்லை. நூல் செய்தவர் அதனை அவையின் முன் படித்து, தடைகளுக்கு விடை கூறி, ஒப்புதல் பெற்ற பின்னரே அது நூலாயிற்று. நிலந்தருதிருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்குத் தொல்காப்பியர் தம் நூலை விரித்துரைத்ததாகச் சிறப்புப்பாயிரம் கூறுகிறது. இன்றைய முனைவர்பட்ட வாய்மொழித் தேர்வுக்கும் இதற்கும் வடிவ ஒற்றுமை வெளிப்படை.

இங்கு நச்சினார்க்கினியர் கூறும் செய்தி பெரும்பாலும் புராணக் கதையாக ஒதுக்கப்படுகிறது. தொல்காப்பியர்மேல் சினங்கொண்ட அகத்தியர், அந்நூலைக் கேளாதிருக்குமாறு அதங்கோட்டாசானை விலக்கினார் என்றும், அவர் இருவருக்குமிடையே அகப்பட்டு நூலுக்குக் குற்றம் கூறிக்கொண்டே வர, தொல்காப்பியர் அனைத்திற்கும் விடை பகர்ந்தார் என்றும் அக்கதை செல்கிறது. வரலாற்றுச் சான்றாக இது நில்லாது. மதிப்பீட்டு வரலாற்றில் அதற்கு வேறொரு மதிப்பு உண்டு: தேர்வாளர் முன்கூட்டியே ஒருவர்பால் சாய்ந்திருக்கக்கூடும் என்பதை உரைமரபு அறிந்திருந்தது என்பதற்கு அதுவே சான்று. இறையனார் களவியலுரை காட்டும் தீர்வு இன்னும் வியப்பானது. உரை பல எழுந்தபோது அவற்றுள் மெய்யுரை எதுவெனத் தேர, உருத்திரசன்மன் என்னும் ஐந்தாண்டு நிரம்பிய ஊமைச் சிறுவன் நடுவனாக அமர்த்தப்பட்டான். வாதத்தாலும் செல்வாக்காலும் அசைக்கவியலாத ஒருவனைத் தேடியதன் விளைவாக அக்கதையைக் கொள்ளலாம்.

கற்றல் நிகழும் முறையைப் பவணந்தியார் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் கூறு கூறாகப் பகுத்துரைக்கிறார். ஆசிரியர் உரைத்ததை நன்கு மனங்கொண்டாலும் மாணவர் பெறுவது காற்பங்கே. உடன்பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு. எஞ்சிய இருகாலும் தாம் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் வரும் என்பது அவர் கணக்கு. நூறு மதிப்பெண்ணில் எழுபத்தைந்தைத் தனித்தமர்ந்து எழுதும் தாளுக்கு ஒதுக்கும் இன்றைய முறையோடு இக்கணக்கை ஒப்பிடுவோர், எடுத்துரைத்தலுக்குக் கருத்தரங்க உரை என்ற பெயரில் சில மதிப்பெண்களே எஞ்சுவதைக் காண்பர். திண்ணைப் பள்ளியில் மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக நின்று இளையோர்க்குச் சொல்லிக்கொடுத்ததும் இக்கருத்தோடு இயைந்தது. சென்னையில் ஆண்ட்ரூ பெல் வகுத்து, 1797இல் நூலாக வெளியிட்டு, இங்கிலாந்தில் ‘சென்னை முறை’ எனப் பெயர்பெற்ற பயிற்றுமுறையும் மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தது.

இவ்விரு மரபுகளும் அடுத்தடுத்து நின்ற காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலிருந்து வந்த சி.வை. தாமோதரம் பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவருள் ஒருவர். உ.வே. சாமிநாதையர் பல்கலைக்கழகத் தேர்வு எதுவும் எழுதியவர் அல்லர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் 1876இல் மறையும்வரை பாடங்கேட்டவர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தியாகராச செட்டியாரின் இடத்திற்கு வந்தபோது பட்டச் சான்று அவரிடம் கேட்கப்படவில்லை. நேரில் பேசவைத்தே அவர் புலமை அளக்கப்பட்டது. அதே ஆண்டில் சேலம் இராமசுவாமி முதலியார் அவரிடம் என்னென்ன நூல்கள் படித்திருக்கிறார் என வினவினார். அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களுமாக நீண்ட பட்டியலைக் கேட்டு நிறைவடையாமல், சிந்தாமணி முதலான பழைய காப்பியங்களைப் படித்ததுண்டா என்று மேலும் கேட்டார். 1887இல் வெளிவந்த சீவக சிந்தாமணிப் பதிப்பு இவ்வினாவிலிருந்து தொடங்கியது. முதலியாரின் வினா எந்த வினாத்தாளிலும் இடம்பெறத்தக்கதன்று. எதிரில் இருந்தவரின் விடையைக் கேட்டு, அவ்விடையில் இல்லாததைக் கண்டு எழுந்த வினா அது. கலித்தொகையைத் தாமோதரம் பிள்ளையும் சிந்தாமணியைச் சாமிநாதையரும் பதிப்பித்து வெளியிட்டது ஒரே 1887ஆம் ஆண்டில் என்பதால், புலமை எந்த ஒரு மதிப்பீட்டு முறைக்கும் தனியுரிமையாக இருந்ததில்லை என்பதும் புலனாகும்.

ஆயினும் குருகுல வழிப் புலமையை இலட்சியமாக்குவது வரலாற்றிற்குப் புறம்பானது. ஆசிரியர் வீட்டுத் திண்ணையில் யார் அமரலாம், மடத்துப் பந்தியில் யார் உண்ணலாம் என்பவை முன்பே வரையறுக்கப்பட்டிருந்தன. ஆளை அறிந்து மதிப்பிடும் முறை ஆளின் பிறப்பையும் அறிந்தே மதிப்பிட்டது.

உரைநூல்களின் காலம்

விடையை மட்டும் மதிப்பிடும் முறைக்கு இயல்பான துணை, விடையை விற்கும் தொழில். பல்கலைக்கழகப் பாடநூல்களுக்குக் குறிப்புரைகள், வினாவிடைகள், திறவுகோல்கள் முதலியன சென்னை அச்சகங்களில் பெருகின. பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்ட கோனார் உரையை அறியாத தமிழ் மாணவர் தலைமுறை இல்லை. அவ்வுரை கற்பித்தலில் ஆற்றிய பணியைக் குறைத்து மதிப்பிடுவது தவறு. நல்ல ஆசிரியர் வாய்க்காத ஊர்களில் அதுவே ஆசிரியராக இருந்தது. ஆனால் உரையில் உள்ள விடையைத் தாளில் இறக்கிவைத்தவரும் தாமே சிந்தித்து எழுதியவரும் திருத்துவோர்க்கு ஒரேபோலத் தோன்றினர். இன்று இயந்திரம் எழுதித்தரும் கட்டுரையைக் கண்டு எழும் அதிர்ச்சியில், இந்நிலை நூறாண்டுகளாக இருந்துவந்தது என்பது மறக்கப்படுகிறது. உரைநூல் அனைவருக்கும் ஒரே விடையை அளித்தது. இயந்திரம் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு சொற்களில் அளிக்கிறது.

குறையை ஆட்சியாளரும் அறிஞரும் அறியாதிருக்கவில்லை. 1902ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகங்கள் ஆணையம், மைக்கேல் சாட்லர் தலைமையில் 1917 முதல் 1919 வரை செயற்பட்ட கல்கத்தா பல்கலைக்கழக ஆணையம் ஆகிய இரண்டும் தேர்வு கற்பித்தலை விழுங்கிவிடுவதைச் சுட்டின. 1923ஆம் ஆண்டுச் சட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்தைக் கற்பிக்கும் பல்கலைக்கழகமாகத் திருத்தியமைத்தது. 1929இல் சிதம்பரத்தில் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடக்கத்திலிருந்தே உறைவிடத்துடன் கற்பிக்கும் அமைப்பாயிற்று. சென்னைத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியாரும் உறுப்பினராக இருந்த இராதாகிருட்டிணன் ஆணையம் (1948–49), பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம் மட்டும் பரிந்துரைக்க நேர்ந்தால் அது தேர்வுமுறை பற்றியதாகவே இருக்கும் என்னும் கருத்தை வெளியிட்டது. மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கைப் பயிற்சிக்காலப் பணிக்கு ஒதுக்கவும் பரிந்துரைத்தது.

அப்பரிந்துரை தமிழகத்தில் உருப்பெற நெடுங்காலம் ஆயிற்று. 1978இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, இலயோலாக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி உள்ளிட்ட சில கல்லூரிகள் தன்னாட்சி பெற்றன. பாடம் நடத்தியவரே வினா அமைத்து மதிப்பிடும் உரிமை அவற்றிற்குக் கிடைத்தது. பின்னர் பருவமுறை பரவியபோது அகமதிப்பீடு 25, புறமதிப்பீடு 75 என்னும் பகுப்பு இணைவுக் கல்லூரிகளில் பெருவழக்காயிற்று. ஆசிரியர் மாணவரை அறிந்து மதிப்பிட ஒதுக்கிய அந்த 25 மதிப்பெண் நடைமுறையில் என்னவாயிற்று என்பதை விரிவுரையாளர் அனைவரும் அறிவர். அசைன்மென்ட் எனப்படும் ஒப்படைப்பு, நூலின் பக்கங்களைப் படியெடுக்கும் பணியாயிற்று. வகுப்பில் அனைவர்க்கும் ஒரே தலைப்பு. பல கட்டுரைகளில் ஒரே எழுத்துப்பிழை. அகமதிப்பெண்ணை அடக்கிவைக்கும் கருவியாகப் பயன்படுத்தும் ஆசிரியர் பற்றிய மாணவர் அச்சமும் இதனோடு சேர்ந்தது. செயற்கை நுண்ணறிவு வந்து சிதைத்ததாகக் கூறப்படும் ஒப்படைப்பு, அது வருமுன்பே பெரிதும் சடங்காகிவிட்டிருந்தது.

ஒப்புமை அளவீட்டின் தோல்வி

பல்கலைக்கழக மானியக்குழு 2018இல் கருத்துத்திருட்டைத் தடுக்க வெளியிட்ட ஒழுங்குமுறை, ஆய்வேட்டின் ஒப்புமையை விழுக்காட்டால் அளந்தது. 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை; 10க்கு மேல் 40 வரையாயின் திருத்தி மீண்டும் அளிக்க வேண்டும்; 40க்கு மேல் 60 வரையாயின் ஓராண்டு தடை; 60ஐக் கடந்தால் பதிவு நீக்கம். பிறர் எழுத்தைப் படியெடுத்தலே குற்றத்தின் வடிவம் என்னும் முற்கோளின்மேல் நின்ற விதி இது. ஆக்கச் செயற்கை நுண்ணறிவு தரும் பகுதி பெரும்பாலும் எந்த நூலின் படியும் அன்று. ஒப்புமைக் கருவியில் அது தூய எழுத்தாகக் கடந்துபோகிறது. உண்மையாக உழைத்து மேற்கோள்களைச் சரியாகக் குறிக்கத் தெரியாத மாணவர் 14 விழுக்காட்டில் மாட்டிக்கொள்ள, ஒரு வரியும் எழுதாதவர் 3 விழுக்காட்டில் தப்பும் நிலை இப்போது உருவாகியுள்ளது.

கண்டறியும் கருவிகளை நம்புவதும் பயன் தரவில்லை. ஓபன்ஏஐ நிறுவனமே 2023 சனவரியில் வெளியிட்ட கண்டறி கருவி, இயந்திர எழுத்தில் 26 விழுக்காட்டை மட்டுமே சரியாக இனங்கண்டது. மனிதர் எழுதியவற்றில் 9 விழுக்காட்டை இயந்திர எழுத்து எனப் பிழையாகக் கூறியது. அவ்வாண்டு சூலையில் அது திரும்பப் பெறப்பட்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே ஆண்டில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளைப் பல கண்டறி கருவிகளில் இட்டுப் பார்த்தபோது, சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை இயந்திர எழுத்து என முத்திரையிடப்பட்டன. எளிய சொற்களும் எதிர்பார்க்கத்தக்க தொடரமைப்பும் அக்கருவிகளுக்கு இயந்திரத்தின் அடையாளமாகத் தோன்றின. தமிழ்வழியில் பயின்று கல்லூரியில் ஆங்கிலத்தில் எழுத நேரும் முதல் தலைமுறை மாணவரின் நடையும் அத்தகையதே. பெயர் மறைத்த தாள் யாரைப் பாதுகாக்கப் பயன்பட்டதோ அவரையே இக்கருவி முதலில் குற்றவாளியாக்கும்.

எஞ்சும் எளிய வழி, அகமதிப்பீட்டைக் கைவிட்டு மூன்று மணிநேரத் தேர்வறைக்கு முழுமையாகத் திரும்புவது. இதற்கு ஆதரவு பெருகிவருகிறது. உரைநூல் மனனத்திற்குப் பரிசளித்த அதே அறைதான் அது. ஆய்வேடும் களஆய்வு அறிக்கையும் பதிப்புப் பயிற்சியும் அவ்வறைக்குள் அடங்கா.

மறுவடிவமைப்பின் கூறுகள்

சிட்னி பல்கலைக்கழகம் தன் மதிப்பீடுகளை இரு வகையாகப் பகுத்துள்ளது. மாணவரின் சொந்தத் திறனை உறுதிசெய்யக் கண்காணிப்புடன் நேரில் நடப்பவை ஒருவகை. செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்த இசைவளித்துக் கற்றலையே நோக்கமாகக் கொண்டவை மற்றொரு வகை. கண்காணிக்க இயலாத இடத்தில் தடை விதிப்பதில்லை என்பது இப்பகுப்பின் நேர்மை. தமிழ்த்துறைகளும் இப்பகுப்பை ஏற்கலாம். நேரில் நடக்கும் பகுதியை எழுத்துத் தேர்வாக மட்டும் கொள்ள வேண்டியதில்லை.

இயந்திரம் தயங்கும் இடங்கள் தமிழாய்வில் மிகுதி. தம் ஊர்க் கோயில் கல்வெட்டொன்றை நேரில் படித்து அச்சிட்ட வாசகத்துடன் ஒப்பிடுதல், குறுந்தொகைப் பாடலொன்றின் பாடவேறுபாடுகளைப் பதிப்புகளில் தேடித் தொகுத்தல், வட்டாரத் தொழிற்சொற்களைப் பேசுவோரிடமிருந்து திரட்டுதல் ஆகியவை மாணவர் சென்று செய்தாலன்றி நிகழாதவை. இயந்திரத்தின் விடையையே ஆய்வுப்பொருளாகக் கொடுப்பதும் பயனுடையது. இல்லாத நூலையும் கட்டுரையையும் மேற்கோளாகக் காட்டுவது இக்கருவிகளின் அறியப்பட்ட இயல்பு. சங்கப் பாடலொன்றுக்கு அது தந்த உரையை எடுத்துக்கொண்டு, திணை, துறை, கூற்று ஆகிய ஒவ்வொன்றையும் மூலத்துடனும் பழைய உரையுடனும் சரிபார்த்துத் திருத்தும் மாணவர், உரையாசிரியர்கள் ஒருவரையொருவர் மறுத்த முறையைத் தாமே பயில்கிறார்.

இவை எல்லாவற்றிற்கும் பின் குறுகிய வாய்மொழித் தேர்வு தேவைப்படும். ஒப்படைத்ததைப் பற்றி மாணவரிடம் பத்து நிமிடம் வினவுவதை விடச் சிறந்த கண்டறி கருவி இதுவரை தோன்றவில்லை. ஆனால் அதங்கோட்டாசான் கதை இங்கு நினைவில் நிற்க வேண்டும். ஆளை எதிரில் நிறுத்தும் கணமே சாதி, பாலினம், பேச்சுவழக்கு, கூச்சம் ஆகியவையும் எதிரில் வந்து நிற்கும். ஆகவே வாய்மொழித் தேர்வு ஒருவர் கையில் இருத்தலாகாது. இருவர் வினவுதல், அவர்களுள் ஒருவர் அம்மாணவருக்குப் பாடம் நடத்தாதவராக இருத்தல், எவ்வெவற்றிற்கு எத்தனை மதிப்பெண் என்பதை முன்கூட்டியே எழுத்தில் அறிவித்தல், உடன்பயில்வோர் முன்னிலையில் நடத்துதல், ஒலிப்பதிவு செய்து முறையீட்டிற்கு இடமளித்தல் ஆகியவை குறைந்த அளவுத் தேவைகள். பேச இயலாதவர்க்கும் அச்சத்தால் தடுமாறுவோர்க்கும் எழுத்தில் விடையளிக்கும் மாற்று இருக்க வேண்டும்; அதுவும் நேரிலேயே நிகழலாம். சாட்ஜிபிடி வெளிவந்த அதே 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட மானியக்குழுவின் முனைவர்பட்ட ஒழுங்குமுறை, வாய்மொழித் தேர்வை ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் கலந்துகொள்ளத்தக்கதாகவே வைத்திருக்கிறது. அந்தத் திறந்தநிலையை இளங்கலை வரை கொண்டுசெல்வதற்கு விதித்தடை எதுவும் பெரிதாக இல்லை.

தடை வேறிடத்தில் உள்ளது. அறுபது மாணவர் கொண்ட வகுப்பில் ஒருவருக்குப் பத்து நிமிடம் என்றால் ஒரு பாடத்திற்குப் பத்து மணிநேரம். இருவர் வினவின் இருபது ஆசிரிய மணிநேரம். மூன்று பாடங்கள் நடத்துபவருக்கும் உடனிருப்பவருக்கும் பருவத்திற்கு அறுபது மணிநேரம் ஆகும். உதவிப் பேராசிரியர்க்கு வாரத்திற்கு 16 மணிநேர நேரடிக் கற்பித்தல் என வரையறுக்கும் விதிகளில் இப்பணிக்குத் தனியே நேரம் ஒதுக்கப்படவில்லை. அரசுக் கலைக்கல்லூரிகளில் வகுப்புகளின் பெரும்பகுதியை நடத்தும் கௌரவ விரிவுரையாளர்க்கு இது ஊதியமில்லாக் கூடுதல் உழைப்பாகும். 1857இல் எழுத்துத் தேர்வு தேர்ந்துகொள்ளப்பட்டதற்குச் செலவுக்குறைவு ஒரு காரணமாக இருந்தது. மாணவர் முன் அமர்ந்து வினவும் நேரத்தைப் பணிநேரமாகக் கணக்கிடும் ஆணையும், அந்நேரத்திற்குரிய நிரந்தரப் பணியிடங்களும் வராதவரை, கண்டறி கருவிக்கான ஆண்டுச் சந்தாவே மலிவான தீர்வாக நிறுவனங்களுக்குத் தோன்றிக்கொண்டிருக்கும்.